அட்டைப்படத்துக்கு முதுகு கிடையாது

"இந்தப் புள்ளையா செஞ்சுச்சு? எதையாச்சும் பாத்து காப்பியடிச்சிருக்கும், வுடுய்யா."

இதைச் சொன்னவர் பெரம்பலூரில் உரக்கடை வைத்திருந்தவர். சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, என் மாமாவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை. இன்று நான் ஒரு பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிப் படிக்கட்டில் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இவ்வளவு படித்த பிறகும் அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் ஒரு காமிக்ஸ் புத்தகத்தால் வந்தது. என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜீனத். லப்பைக்குடிக்காட்டுக்காரி. அவளுடைய அப்பா, அவள் பேச்சில் அத்தா, குவைத்தில் இருந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் சென்ட், சோப்பு, பாதாமோடு அவள் அண்ணனுக்கு ஆங்கிலக் காமிக்ஸும் கொண்டுவருவார். பரீட்சை முடிந்த அன்று ஜீனத் அதில் ஒன்றைத் தன் பைக்குள்ளிருந்து எடுத்து என் பைக்குள் தள்ளினாள்.

"லீவு முடிஞ்சதும் குடுத்துரணும். கிழிஞ்சிச்சுன்னா எங்கண்ணன் என்னையக் கொன்னுரும்டி."

உள்ளே இருந்த ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. எழுத்துக்கூட்டினால் சத்தம் வந்தது, அர்த்தம் வரவில்லை. அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பெரிய கட்டடத்தின் கல் கூரை இடிந்து இறங்குகிறது. அதன் அடியில் ஒருத்தி நிற்கிறாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூரையைத் தாங்கியிருக்கிறாள். ஒரு முழங்கால் மடங்கியிருக்கிறது. முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறாள். தோளிலிருந்து சிவப்புத் துணி ஒன்று காற்றில் பறக்கிறது. அவள் காலடியில் சின்னப் பிள்ளைகள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. கீழ் மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல இரண்டு பெயர்கள், நடுவில் சின்னதாக ஏதோ ஒரு சொல். அச்சாபீஸ் முகவரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை நான் வரையாத இடம் கிடையாது. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை, காலண்டர் தாள், மாமா கட்டிக்கொண்டிருந்த வீடுகளின் பூசாத சுவர்கள். மாமா என் அம்மாவின் தம்பி, கொத்தனார். அம்மா அவரிடமே சித்தாள் வேலை செய்தாள். அப்பா ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னை வேலைத்தலத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஜல்லிக் குவியலும் மணல் குவியலும்தான் எனக்கு விடுமுறை.

அந்தக் கோடையில் மாமா அரியலூர் ரோட்டில் உரக்கடைக்காரருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கீழ்த்தளம் முடிந்து போர்ட்டிகோவுக்கும் தளம் போட்டாயிற்று. மேல்மாடி பாக்கி. வீட்டு வாசலில் வழக்கம்போல ஒரு திருஷ்டி பொம்மை இருந்தது. கிழிந்த சட்டை, வைக்கோல் வயிறு, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. கோடை மழையில் அது நனைந்து சாய்ந்தது. சாய்ந்ததை ஒரு மாடு பார்த்தது. காலையில் வந்து பார்த்தபோது பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பொம்ம இல்லாம கெடந்தா மொதலாளி கத்துவாரு" என்றார் மாமா. பிறகு நான் செங்கல் துண்டால் கிறுக்கிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தார். "ஏ புள்ள, செவுத்தையெல்லாம் நாசம் பண்றதுக்கு ஒரு பொம்மையக் கட்டேன்."

"எப்புடி இருக்கணும் மாமா?"

"பாக்குறவன் கண்ணு வூட்டு மேல போவக் கூடாது. பொம்ம மேல போவணும். அம்புட்டுதான்."

இதைவிடத் தெளிவாக வேலை சொன்ன கம்பெனியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் வைக்கோல் கேட்டு வாங்கினேன். மாமாவின் கிழிந்த பேண்ட், சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி, விரிசல் விட்ட ஒரு மண்சட்டி. என்ன செய்யப் போகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. கூரையைத் தாங்கும் அவளைத்தான் செய்யப் போகிறேன்.

முன்பக்கம் சுலபமாக வந்தது. அட்டையைச் செங்கல் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கை இங்கே, முழங்கால் இங்கே என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன். நிமிர்த்தினால் பொம்மை முன்னால் குப்புற விழுந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி விழுந்தது. பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, வைக்கோல் பொதி மட்டும் இருந்தது. காமிக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்னட்டையில் பிஸ்கட் விளம்பரம். அவள் கூரையைத் தாங்கும்போது அவள் முதுகு என்ன செய்கிறது, பின்னங்கால் எங்கே ஊன்றுகிறது என்பதை அந்தப் புத்தகம் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டது. அட்டைப்படத்துக்கு முதுகு கிடையாது. பொம்மைக்கு முதுகு இல்லாமல் முடியாது. இது அன்று மணல் குவியலில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்த விஷயம். பிற்காலத்தில் கல்லூரியில் இதையே வேறு வார்த்தைகளில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்போது அம்மா சாரத்தின் மேல் நின்ற கொத்தனாருக்குச் சாந்துச் சட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. ஒரு முழங்கால் மடங்கியிருந்தது.

"அம்மா, அப்படியே நில்லு!"

"சட்டி கனக்குதுடி. என்னாத்தடி பாக்குற?"

"ஒன் முதுகப் பாக்குறேன்."

மற்ற சித்தாட்கள் சிரித்துவிட்டார்கள். "பொண்ணு பாக்க வர்றவன் மொகத்தப் பாப்பான். ஒம்மவ முதுகப் பாக்குறா பாரு" என்றாள் ஒருத்தி.

நான் பார்த்துவிட்டேன். அம்மாவின் இடது குதிகால் தரையில் இல்லை. இடுப்பு வலப்பக்கம் தள்ளியிருந்தது. கழுத்து தோள்களுக்குள் இறங்கியிருந்தது. கனமெல்லாம் ஒரு காலின் வழியாகத் தரைக்குப் போயிற்று. ஓடிப்போய் பொம்மையின் இடுப்பை வலப்பக்கம் தள்ளி, இடது குதிகாலுக்குக் கீழே அரைச் செங்கலை வைத்துக் கட்டினேன். பொம்மை நின்றது. கையை எடுத்த பிறகும் நின்றது.

சிவப்புத் துணிக்கு அம்மாவின் பழைய சேலை கிடைத்தது. ஆனால் துணி தொங்கியதே தவிரப் பறக்கவில்லை. அம்மாவின் வேலைச் சேலையில் சிமெண்ட் பட்ட கரை, காய்ந்த பிறகு அட்டைபோல விறைத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். சிமெண்டைப் பால்போலக் கரைத்து, துணியை அதில் முக்கி, குச்சிகள் மேல் அலை அலையாகப் போட்டு வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் குச்சிகளை உருவினால் துணி காற்றில் பறந்தபடியே நின்றுவிட்டது. காற்று மட்டும்தான் இல்லை. தலைக்கு வைத்த மண்சட்டியில் சுண்ணாம்பு அடித்து முகம் எழுதினேன். அட்டையில் இருந்ததுபோலவே நேராகப் பார்க்கும் கண்கள். மீசை வைக்கவில்லை, நாக்கு வைக்கவில்லை.

மாமா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "ம்" என்றார். அன்று காலையில்தான் போர்ட்டிகோ தளத்துக்கு அடியில் நின்ற சவுக்கு முட்டுகளைப் பிரித்திருந்தார்கள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய், முன் ஓரத்தில் ஒரு முட்டு நின்ற இடத்திலேயே கற்களை அடுக்கி அதன் மேல் நிறுத்தினார். அவள் உள்ளங்கைகள் சரியாகத் தளத்தைத் தொட்டன.

மறுநாள் காலை நான் மணல் குவியலின் உச்சியில் மந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சின்ன வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "யாருடா இவ, வூட்டயே தூக்கிக்கிட்டு நிக்கிறா!" என்று கத்திக்கொண்டு போனார். எதிர் டீக்கடையில் கிளாஸோடு ஆட்கள் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். மக்காச்சோளக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பொம்மையைச் சுற்றிப் பார்த்தார்கள். பின்னால் போன ஒருத்தி, "இந்தா, முதுகப் பாருங்கடி. நம்ம கொத்தனாரு அக்கா நிக்கிற மாதிரியே இல்ல?" என்றாள். அம்மா செங்கலைத் தலையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பொம்மை மேல்தான் விழுந்தது. மாமா சொன்னது சொன்னபடி நடந்தது. இதற்கு மேல் ஒரு திருஷ்டி பொம்மை என்ன செய்ய வேண்டும்?

உரக்கடைக்காரர் பைக்கில் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் விபத்து என்று நினைத்துவிட்டார் போல, வண்டியை ஸ்டாண்டு போடாமலே இறங்கினார்.

"என்னய்யா இது?"

"திருஷ்டி பொம்மங்க மொதலாளி" என்றார் மாமா.

"திருஷ்டி பொம்மயா? மீச எங்க? நாக்கு எங்க? பாத்தா ஒரு பயம் வர வேணாம்?" அவர் பொம்மையின் கைகளை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "யோவ், நேத்துதான் முட்டப் பிரிச்சிருக்க. இன்னிக்கு இவள வெச்சு முட்டுக் குடுத்திருக்க. அப்ப போர்ட்டிகோ நிக்குமா நிக்காதா? அத மொதல்ல சொல்லு."

"அய்யோ, தளம் கல்லு மாதிரி நிக்குதுங்க. இது சும்மா…"

"பொம்மய எடுத்துறாதீங்க மொதலாளி, வுழுந்துகிழுந்துறப் போவுது" என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் என் பொம்மை பிழைத்திருக்குமோ என்னவோ.

உரக்கடைக்காரர் முகம் கறுத்துவிட்டது. "ஊரே சிரிக்குதுய்யா. என் வூட்ட ஒரு பொம்பள தூக்கிப் புடிச்சாத்தான் நிக்குமா?"

அவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் தலையில் செங்கலோடு அதே வீட்டுக்குள் போனார்கள். அவர் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழி விட்டார். வழி விட்டுவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"யாரு செஞ்ச வேல இது?"

"நான்தாங்க" என்றார் மாமா.

மணல் சரியச் சரியக் கீழே குதித்தேன். "பொய்யி! நான்தான் செஞ்சேன்! மாமா ஒரு கம்பிகூடக் கட்டல!"

அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். இந்தப் புள்ளையா செஞ்சுச்சு, எதையாச்சும் பாத்து காப்பியடிச்சிருக்கும், வுடுய்யா. ஒரே மூச்சில் இரண்டு அடி. முதலில் நான் செய்யவில்லை என்றார், பிறகு செய்திருந்தாலும் அது என்னுடையது இல்லை என்றார். பாதியை நான் எந்தப் படத்தையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை, முதுகு எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா தலைச்சுமையை இறக்கிவிட்டு வந்து என் தோளைப் பிடித்தாள். அவள் விரல்கள் எலும்பு வரை இறங்கின.

"சின்னப் புள்ளைங்க. ஒளறுது" என்றாள் அவரிடம்.

என் அம்மா! அவள் முதுகைப் பார்த்துச் செய்தேன் என்று அவளுக்கே தெரியும். அவளும் அவர்கள் பக்கம்.

"இந்த மாதிரி வெளயாட்டுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல" என்று உரக்கடைக்காரர் மாமாவிடம் சொன்னார். "மேமாடிய வேற கொத்தனார வெச்சுக் கட்டிக்கத் தெரியாதா எனக்கு?"

"இப்பவே பிரிச்சுடுறேங்க" என்றார் மாமா.

அவரே பிரித்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. கட்டுக்கம்பியைக் குறடால் ஒவ்வொன்றாக அறுத்து, முதலில் சிவப்புத் துணி, பிறகு கைகள், இடுப்பு, குதிகாலுக்கு அடியில் இருந்த அரைச் செங்கல். ஒரு உதையில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், என்னை நிற்க வைத்து, மெல்ல மெல்லப் பிரித்தார். எனக்கு அது வேண்டுமென்றே செய்த கொடுமையாகத் தெரிந்தது. பிற்பகலில் கடையிலிருந்து ஒரு முகமூடி வந்தது. முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. உரக்கடைக்காரருக்குத் திருப்தி. அந்தப் பக்கம் போன ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். தீபாவளிக்கு அவர் எடுத்துவந்த பாவாடை சட்டையை வாங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். "என்னாடி இவ, சம்பந்தி மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கா" என்று அவர் சிரித்தார். சிரித்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு நாள், பள்ளிக்கூட பஸ் துறையூர் ரோட்டில் திரும்பியபோது ஜீனத் என் கையைக் கிள்ளினாள். "அடியே, அங்க பாரு!"

பாதி கட்டிய ஒரு வீட்டு வாசலில் திருஷ்டி பொம்மை. மீசை இருந்தது, நாக்கு இருந்தது, லுங்கி கட்டியிருந்தது. ஆனால் இரண்டு கைகளும் தலைக்கு மேலே தூக்கியிருந்தன. ஒரு முழங்கால் மடங்கியிருந்தது. தோளில் சிவப்புத் துணி காற்றில்லாமல் பறந்துகொண்டிருந்தது. அது மாமா எடுத்திருந்த வேலை.

"என்னோடதுடி அது! திருடிட்டாரு!" பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ மட்டும்? எங்கத்தா கொண்டாந்த புக்கப் பாத்துதானே செஞ்ச?" என்றாள் ஜீனத்.

அவளோடும் கொஞ்ச நாள் பேசவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக அந்தப் பொம்மை வந்துகொண்டே இருந்தது. மாமா எங்கே வேலை எடுத்தாலும் அங்கே ஒன்று. ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி போவேன். பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன்.

"என் பொம்மைய ஏன் காப்பியடிக்கிற?"

"ஒன் பொம்மையா? நான்தான் செஞ்சேன்னு மொதலாளிகிட்டயே சொன்னனே, நீ கேக்கல?"

அழுதுவிட்டேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, "சும்மா இரு தம்பி, அதப் போட்டு அழ வெக்காத" என்று மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. செய்வதோடு சரி.

கல்லூரியில் ஒரு நாள் ஆசிரியை திரையில் இரண்டு காமிக்ஸ் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். வலப்பக்கம் இருந்ததைப் பார்த்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். ஜீனத்தின் புத்தகம். இடப்பக்கம் இருந்தது அதற்கும் பல வருடம் முந்தையது, வேறொருவர் வரைந்தது. அதில் ஒரு ஆண் அதே நிலையில், அதே முழங்காலோடு, ஒரு சுரங்கத்தின் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தான். புதிய அட்டையை வரைந்தவர், தான் சிறுவயதில் பார்த்து வளர்ந்த பழைய அட்டைக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார் என்றார் ஆசிரியை. ஓவியர்கள் இப்படிச் செய்வது வழக்கம், பொம்மை செய்கிறவர்களும் புகழ்பெற்ற அட்டைகளின் நிலையில் பொம்மைகளை நிறுத்துவது வழக்கம், தெரிந்தவர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டு மகிழ வேண்டும் என்பதுதான் அதில் விஷயம் என்றார். கீழ் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார். நான் அச்சாபீஸ் முகவரி என்று நினைத்த இடம். ஒன்று வரைந்தவர் பெயர். இன்னொன்று, அவர் யாரைப் பார்த்து வரைந்தாரோ அவர் பெயர். நடுவில் இருந்த சின்னச் சொல்லுக்கு 'இவரைப் பார்த்து' என்று அர்த்தமாம்.

வகுப்பில் எல்லாரும் ரசித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் பார்த்து வரைந்தால் அதற்கு மரியாதை, விளக்கம், திரை போட்டுப் பாடம். அரியலூர் ரோட்டில் ஒரு கொத்தனார் வீட்டுப் பெண் பார்த்துச் செய்தால் அதற்குப் பெயர் காப்பி. அதே வருடம் எங்களைப் படம் வரைய மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பழைய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையின் விளிம்புக்கு அடியில் வரிசையாகக் குள்ளக் குள்ளப் பூதகணங்கள். தொந்தியும் பிதுங்கிய கண்ணுமாக, இரண்டு கைகளையும் தூக்கிக் கோயிலைத் தாங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ தலைமுறையாகத் தாங்குகின்றன. கோயில் விழப்போகிறது, முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று எந்த உரக்கடைக்காரரும் அங்கே போய்ச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

வேலை கிடைத்ததும் மாமாவிடம் நேரில் சொல்லப் போனேன். அப்போது அவர் ரெட்டிபாளையத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பொம்மை நின்றது. படித்த திமிரோடு முன்னால் நின்று குறை கண்டுபிடித்தேன். வலது கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, சிவப்புத் துணியின் அலை போதவில்லை. பிறகு கை கழுவத் தண்ணீர் டிரம்மைத் தேடிப் பொம்மைக்குப் பின்னால் போனேன்.

அங்கே என் அம்மா நின்றாள்.

இடது குதிகால் அரைச் செங்கல் மேல் தூக்கியிருந்தது. இடுப்பு வலப்பக்கம் தள்ளியிருந்தது. கழுத்து தோள்களுக்குள் இறங்கியிருந்தது. சுவரைப் பார்த்திருக்கும் அந்த முதுகை ரோட்டில் போகிற ஒருவராலும் பார்க்க முடியாது. பஸ் ஜன்னலிலிருந்து இத்தனை வருடம் முறைத்த நானும் பார்த்ததில்லை. திருடுகிறவன் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வான். காமிக்ஸ் அட்டையை மாமா தன் வாழ்நாளில் உற்றுப் பார்த்ததே கிடையாது. அவர் பார்த்தது என் பொம்மையை. அதுவும் குறடும் கையுமாக ஒவ்வொரு கட்டாகப் பிரித்த அந்த ஒரு காலையில்.

"முதுக ஏன் மாமா இவ்ளோ பாத்துப் பாத்து வெக்கிற? யாரு பாக்கப் போறா?"

"அப்புடி வெச்சாத்தான் நிக்கிது" என்றார் மாமா. மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மணல் குவியலிலிருந்து குதித்த அந்தப் பிள்ளைக்கு, யார் செய்தது என்ற கேள்வி பரிசு கொடுப்பதற்காகக் கேட்கப்பட்டதில்லை என்பது தெரியவில்லை. 'நான்தாங்க' என்று சொன்னவர் அந்த நேரத்தில் ஒரு மேல்மாடியை, தன் பேரை, கூட வேலை செய்கிறவர்களின் அடுத்த சில மாதங்களைப் பணயம் வைத்தார் என்பதும் தெரியவில்லை. தோளில் இறங்கிய விரல்கள் வாயை மூடுவதற்காக இறங்கியவை இல்லை, தலையில் விழப்போவதைத் தாங்குவதற்காக இறங்கியவை என்பது சுத்தமாகத் தெரியவில்லை. உரக்கடைக்காரர் மேல் வந்த கோபம் மட்டும் அன்றும் சரி, இன்றும் சரி. அதை நான் விடுவதாக இல்லை.

போன மாதம் கம்பெனியில் என் புதுப் பொம்மையைக் காட்டினேன். கூரையைத் தாங்கும் ஒருத்தி. கூரையைக் கழற்றிவிட்டுச் சாந்துச் சட்டியையும் மாட்டலாம்.

"இது எதையோ பாத்துப் பண்ண மாதிரி இருக்கே?" என்றார் என் மேலதிகாரி.

"ஆமா சார், பாத்துதான் பண்ணேன்."

"சரி, அத வெளிய சொல்ல வேண்டாம். புத்தம் புது வடிவம்னு பெட்டியில போட்டுக்கலாம். அப்புறம், பின்பக்கத்தத் தட்டையா விட்டுருங்க. அச்சு சுலபமாயிடும். பெட்டிக்குள்ள முதுகு யாருக்குத் தெரியப் போகுது?"

அன்று அவரிடம் நான் வாதாடவில்லை. வேலையைத்தான் செய்தேன். குதிகால் தூக்கிய, இடுப்பு தள்ளிய முழு முதுகோடு அச்சு வரைபடத்தை முடித்தேன். பெட்டியின் பின்பக்கத்தில் முதுகு தெரியும் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டச் சொல்லிக் குறித்தேன். சன்னலுக்குக் கீழே 'பார்த்துச் செய்தது' என்று போட்டு, யாரைப் பார்த்து என்பதையும் எழுதினேன். அந்த இரண்டு ஓவியர்களின் பெயர்கள், அதற்கு அடுத்த வரியில் ஒரு கொத்தனாரின் முழுப்பெயர், ஒரு சித்தாளின் முழுப்பெயர். கடைசியில் என் பெயர். நேற்றுச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டு, மாதிரிப் பொம்மை செய்ய அனுப்பியும் விட்டேன்.